அக்கரைக்குப் போன பாதை

ஜொகூர் மாநிலத்து உலு திராமில், தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் ஓடையை யாரும் ஓடை என்று சொல்வதில்லை. லோங்காங் என்பார்கள், சாக்கடைக்கும் அதே பெயர்தான். இரண்டு கரையிலும் நகராண்மைக் கழகத்தின் காலி நிலம், ஆள் உயரத்துக்கு லாலாங் புல், அதற்கு அப்பால் யாரும் குலை வெட்டாமல் விட்டுவிட்ட செம்பனைக் காடு. வரிசையில் என் வீடு கடைசி. பின்பக்கத்து வேலியில் ஒரு சின்ன இரும்புக் கேட் உண்டு. என் மனைவி இருந்தவரை அதைத் திறக்க விட்டதில்லை. பாம்பு வரும் என்பாள். அவள் போன பிறகு திறந்து வைத்துப் பார்த்தேன். பாம்பும் வரவில்லை, மனுசரும் வரவில்லை.

தனியாக இருப்பது கஷ்டமாக இல்லையா என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன கஷ்டம்? சோறு பொங்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்தவன், வீட்டில் எது கெட்டாலும் நானே சரிசெய்வேன். மகன் சிங்கப்பூரில் மனைவி வீட்டாரோடு இருக்கிறான். வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வான், தீபாவளிக்கு வருவான். அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. யாரும் வராத வீட்டு வாசலைக் காலையில் எழுந்து கூட்டும்போது மட்டும், யாருக்காகக் கூட்டுகிறேன் என்று விளக்குமாற்றைத் தூக்கி எறிந்திருக்கிறேன். பிறகு நானே போய் எடுத்து வருவேன். வேறு யார் எடுப்பது?

அப்படிக் கிடந்தவனைப் பாதை வெட்டுகிற வேலைக்கு இழுத்துவிட்டவர், எங்கள் கடைவரிசையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சீனர். முதலாளி என்ற அர்த்தத்தில் தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பழைய சைக்கிளுக்கு பிரேக் கட்டை மாற்றப் போனபோது, அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அதில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அடுத்தடுத்து மூன்று தாமான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக லோரி பறக்கிற பெரிய சாலைக்குப் போய்ச் சுற்ற வேண்டும். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் பிள்ளைகளைக் காரில் கொண்டு விடுகிறார்கள். ஓடைக்கரையை வெட்டிச் சீராக்கினால் மூன்றையும் இணைத்துவிடலாம், நடக்கலாம், சைக்கிள் விடலாம் என்றார். கூட யார் என்று கேட்டேன். பக்கத்துத் தாமானில் மலாய்க்கார ஆசிரியை ஒருவர் இருக்கிறார், பணி ஓய்வு பெற்றவர், நகராண்மைக் கழகத்தில் அனுமதி கேட்டு அலைய அவர் தயார் என்றார். மூன்றாவது ஆள் யார் என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். பிரேக் கட்டைக்கு அன்று காசு வாங்கவில்லை.

ஞாயிறு காலை கூடி வேலை செய்வோம். கோத்தோங் ரோயோங் என்று ஆசிரியை முதல் நாளே வாட்சாப் குழுவில் அறிவித்துவிடுவார். குழுவில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் ஏராளம். கையில் பாராங் கத்தியோடு வந்து நிற்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாதை வெட்டுவது என்றால் புல் வெட்டுவது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அது தண்ணீரை அனுப்பி வைக்கிற வேலை. மத்தியானம் ஆனால் கொட்டித் தீர்க்கிற ஜொகூர் மழை, ஒரு பாதையைக் கண்டுவிட்டால் அதையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். அதனால் பாதையை ஓடைப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வெட்ட வேண்டும். வருகிற தண்ணீர் பாதையைக் குறுக்கே தாண்டிப் போய்விட வேண்டும், பாதையோடு கூடவே நடந்து வரக் கூடாது. இதைத் தவுக்கே ஒருமுறைதான் சொன்னார். நான் எல்லாரிடமும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். தட்டையாக வெட்டுகிறவர்களைக் கண்டால் என் வாய் சும்மா இருக்காது. கையுறை மாட்டிக்கொண்டு படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களை இன்னும் மோசமாகத் திட்டுவேன். அண்ணே திட்ட ஆரம்பிச்சிட்டாரு என்று மலாய்க்காரர்களும் சீனர்களும் சிரிப்பார்கள். இந்த நாட்டில் தமிழ் ஆம்பளை என்றால் எல்லாருக்கும் அண்ணே தான்.

வேலை முடிந்ததும் சாய்ந்து கிடக்கும் செம்பனை மரத்தில் உட்கார்ந்து ஆசிரியை கொண்டு வந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்போம். தவுக்கே சோயா பால் ஊற்றிக் கொடுப்பார். வாரம் முழுக்கப் பேசாமல் சேர்ந்து கிடந்ததையெல்லாம் நான் அங்கே கொட்டிவிடுவேன். மலாயில்தான் பேசுவோம். என் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது, ரத்தம் சுத்திகரிக்க வாரம் தவறாமல் கொண்டுபோனது, கடைசியில் ஒரு மழை நாளில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் நான் சுற்றிக்கொண்டிருந்தபோதே அவள் போய்விட்டது, எல்லாவற்றையும் முதன்முதலில் அவர்களிடம்தான் சொன்னேன். சொந்தக்காரர்கள் எவரிடமும் சொன்னதில்லை.

முதலில், எங்கள் தாமானுக்குப் பக்கத்தில் ஓடை போய்ச் சேரும் குளத்தைச் சுற்றி ஒரு பாதை முடிந்தது. பிறகு குளத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. பாதை போட்டதும் எங்கிருந்துதான் வந்தார்களோ, அவ்வளவு ஆட்கள். பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போகிற அம்மாக்கள், தொழிற்சாலை வேலைக்குச் சைக்கிளில் போகிற வங்காளதேசிகள், கைத்தடியோடு வருகிற ஒரு சீனத் தம்பதி. சாயங்காலம் குளக்கரையில் உட்கார்ந்து எல்லாரையும் பார்ப்பேன். சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் இருட்டுவதற்குள் எழுந்து, இவர்களில் ஒருவரும் வராத என் வீட்டுக்குத்தான் போக வேண்டும். பொறாமையாக இருக்கும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இருந்தது.

மூன்றாவது பாதை குளத்திலிருந்து ஆசிரியையின் தாமானுக்குப் போக வேண்டும். எந்தக் கரை என்று முடிவாகவில்லை. எங்கள் கரை என்றால் என் பின்கேட்டை உரசிக்கொண்டு போகும். அக்கரை என்றால் என் வீட்டிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். நடுவில் ஓடை, பாலம் கிடையாது. நான் எங்கள் கரைக்காகச் சண்டையே போட்டேன். இங்கேதான் நிழல், இங்கேதான் மேடு, அக்கரை வெள்ளத்தில் முழுகும் என்று என்னென்னவோ சொன்னேன். அதில் பாதி உண்மை. முழு உண்மை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமையாவது என் வீட்டைத் தாண்டி நாலு பேர் பேசிக்கொண்டு போக வேண்டும், அதில் ஒருத்தராவது நின்று தண்ணீர் கேட்க வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. தவுக்கேக்குப் புரிந்திருக்கும். சரி, அண்ணன் பக்கமே போடுவோம் என்று அவர்தான் முடித்து வைத்தார்.

அந்த வாரமே கேட்டுக்கு வெளியே ஒரு குழாய் இழுத்தேன். சிமெண்ட் தளம் போட்டேன். பிளாஸ்டிக் முக்காலிகள் வாங்கி அடுக்கினேன். மகன் போனில் அதைக் கேட்டுவிட்டு, கடை போடப் போறீங்களாப்பா என்று சிரித்தான். போடா என்று வைத்துவிட்டேன்.

வெட்டுவதற்கு முன்னால் வழியைக் குறித்து வைக்க வேண்டும். பாதை போகிற வழிநெடுக மரங்களில் மஞ்சள் நாடா கட்டுவோம். காட்டுப் பச்சையில் மஞ்சள்தான் தூரத்திலிருந்து தெரியும். வெட்டக் கூடாத மரத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு. அந்த வேலையை நானே ஏற்றுக்கொண்டு ஒருநாள் காலையில் தனியாகப் போனேன். என் கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆலமரம் மாதிரி விழுது விட்ட பெரிய ஆரா மரம் ஒன்று. பாதை அங்கேதான் வளைய வேண்டும். சரியாக அந்த இடத்தில் நாடா தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். அடித்தட்டில் மஞ்சள் வேட்டி கிடந்தது. என் மனைவி பிழைக்க வேண்டும் என்று தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுத்தபோது கட்டியது. அவள் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. எதற்காவது உபயோகப்படட்டும் என்று அதை நீளவாக்கில் கிழித்து, மரத்தின் இடுப்பில் சுற்றிக் கட்டி, மேலே சிவப்புப் பொட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

இதைப் படிக்கிற எந்தத் தமிழருக்கும் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் அன்று தெரியவில்லை. பெரிய மரம், இடுப்பில் மஞ்சள் துணி, நெற்றியில் சிவப்புப் பொட்டு. பாதை வெறி என் கண்ணை அவ்வளவு மறைத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறும் மழை. மழை விட்டு நாங்கள் எல்லாரும் கத்தியோடு அந்த இடத்துக்குப் போனபோது மரத்தடியில் அகல் விளக்கு இருந்தது. எலுமிச்சம்பழம் பாதியாக அறுத்துக் குங்குமம் தடவி வைத்திருந்தது. மஞ்சள் பூசிய ஒரு கல், ஒரு சின்னச் சூலம், மேலே மழைக்கு ஒரு தகரமும் போட்டாயிற்று. முனியாண்டி குடிவந்துவிட்டார். நான் முதலில் சிரித்துவிட்டேன். தவுக்கே சிரிக்கவில்லை; கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். ஆசிரியை கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றார். அது என் வேட்டிதான், நாடா தீர்ந்துபோனதால் நானே கட்டினேன் என்று விளக்கினேன். தவுக்கே இப்போது இருமல் வருகிறவரை சிரித்தார். ஆசிரியை அப்போதும் சிரிக்கவில்லை.

அவர் கோபமாக ஒன்றும் பேசவில்லை. அன்பாகத்தான் சொன்னார். பாதை இந்தப் பக்கம் போனால் செருப்புக் காலோடு நடப்பார்கள், நாயைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், யாராவது எதையாவது சொல்வார்கள், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மனசு புண்படும். விஷயம் மேலே போனால் மொத்த அனுமதியும் நின்றுவிடும். இது சென்சிட்டிவ் அண்ணே என்றார். இந்த நாட்டில் அந்த வார்த்தை வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஒன்று, விளக்கு வைத்தவர்கள் தாங்களாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பாதை அக்கரைக்குப் போக வேண்டும். நீங்கள் உங்கள் ஆட்களிடம் பேசிப் பாருங்கள் என்று பொறுப்பை என் தலையில் வைத்தார்கள்.

பேசுகிறேன் என்று மார் தட்டிக்கொண்டு வந்தேன். பின்கேட்டில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தேன். சூலமும் தகரமும் போட்ட ஆட்கள் யாரும் வரவில்லை. வந்தது ஒரே ஒரு பெண். வெயில் கொளுத்தும் மத்தியானத்தில், தொழிற்சாலைச் சீருடையோடு, மோட்டார் சைக்கிளை லோரோங் என்கிற எங்கள் சந்து முனையில் நிறுத்திவிட்டு, கையில் எண்ணெய்ப் புட்டியோடு புல்லை விலக்கிக்கொண்டு வந்தாள். நாற்பது வயது இருக்கும். நான் மரத்தடிக்குப் போய் நின்றேன்.

"ஏம்மா, இங்க சாமி ஒண்ணும் இல்ல. இந்தத் துணியக் கட்டினது நான்தான். பாதைக்கு அடையாளம். அந்தச் செவப்பு வெறும் பெயிண்டு."

அவள் அகலில் எண்ணெய் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"பெயிண்டுன்னு தெரியும் அண்ணே. தொட்டுப் பார்த்தேன்."

"அப்புறம் எதுக்கு இங்க வந்து வெளக்கு வைக்கிற?"

"ஒங்களக் கட்ட வச்சது யாரு?"

அவள் என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை; உண்மையாகவே கேட்டாள். பிறகு அவளாகவே சொன்னாள். புருசன் சிங்கப்பூருக்கு மோட்டாரில் வேலைக்குப் போகிறவர், விடியற்காலையில் நெடுஞ்சாலையில் அடிபட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார். இவளுக்கு வேலை முடிவது கோயில் பூட்டிக் கிடக்கிற நேரத்தில். வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், கோயில் கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போவாளாம். ஒருநாள் மெயின் ரோட்டில் கார்கள் நெருங்கி நின்றதால் எங்கள் லோரோங்கில் புகுந்து வந்திருக்கிறாள். புல்லுக்கு மேலே மஞ்சள் தெரிந்திருக்கிறது.

"பூட்டு இல்லாத சாமி அண்ணே. மொத நாளு வெளக்கு வச்சிட்டுப் போனேன். அன்னைக்குத்தான் அவரு கை வெரல் அசைஞ்சிச்சு."

என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். நகராண்மைக் கழகம், அனுமதி, மூன்று தாமான், பள்ளிப் பிள்ளைகள். ஒன்றையும் சொல்லவில்லை. வேறொன்று வாய் வரைக்கும் வந்தது. இந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் நான் வெறுங்காலோடு வெயிலில் நடந்தேன், என் பெண்டாட்டி செத்துப்போனாள், இதை நம்பாதே என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவ்வளவு கோபம். யார்மேல் கோபம் என்று கேட்டால் தெரியாது. அவள் கை கழுவத் தண்ணீர் இருக்குமா என்று கேட்டாள். குழாயைக் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு, விளக்கு வைத்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அக்கரையிலேயே போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் கரைக்காக அவ்வளவு சண்டை போட்டவன் இப்படிச் சட்டென்று விட்டுக்கொடுத்ததும், தவுக்கே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை பேசிப் பார்க்கட்டுமா, நானும் கூட வரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன். பிறகு அவர் கேட்கவில்லை.

அக்கரைப் பாதையையும் நான்தான் முன்னால் நின்று வெட்டினேன். ஆசிரியையின் தாமான் முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தோம், அங்கே போக மோட்டாரை எடுத்துக்கொண்டு பெரிய சாலையைச் சுற்றிப் போக வேண்டும். வேலை செய்கிற இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் நேர் எதிரே என் வீட்டுப் பின்கேட் தெரியும். பாதை முடிந்தது, நன்றாகவே வந்தது, எந்த மழைக்கும் கரையவில்லை. பிறகு கூடுகிற இடம் ஆசிரியையின் தாமானுக்கு மாறியது. புது ஆட்கள் வந்தார்கள், தூரத்துப் பொந்தியான் வரைக்கும் சைக்கிளில் போகிறவர்கள், விலை உயர்ந்த தலைக்கவசம், குழுவில் எல்லாம் ஆங்கிலம். தண்ணீர் தேங்குகிற இடம் எது என்று என்னைக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. யாரும் என்னை ஒதுக்கவில்லை. முட்டி வலி என்று நான் ஒரு வாரம் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை. அண்ணே நலமா என்று ஆசிரியை செய்தி அனுப்பினார். நலம் என்று அனுப்பினேன்.

அந்தப் பெண் மட்டும் வந்துகொண்டிருந்தாள். அவள் வைத்த விளக்கைப் பார்த்துச் சூலம் நட்டவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை கும்பலாக வந்து பூசை போட்டுவிட்டுப் போனதோடு சரி. மோட்டார் சத்தம் கேட்டதும் நான் கேட்டருகே போய், தற்செயலாக நிற்கிறவன் மாதிரி நிற்பேன். எப்படி இருக்கு என்பேன். அப்படியே இருக்கு அண்ணே என்பாள். ஒருநாள், கண்ணைத் திறந்தாரு, ஆனா ஆளு தெரியல என்றாள். இன்னொரு நாள், காய்ச்சல் விட மாட்டேங்குது என்றாள். கை கழுவிவிட்டுப் போய்விடுவாள். பல நாள் நான் வாய் திறந்து பேசுவது அந்த ஒரு கேள்வி மட்டும்தான். அவள் பேரைக் கேட்கவில்லை. வீடு எங்கே, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, எதுவும் கேட்கவில்லை. நாளைக்கும் வருவாள்தானே என்று இருந்துவிட்டேன்.

பிறகு அவள் வரவில்லை. ஷிப்ட் மாறியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலையிலும் சாயங்காலமும் மரத்தடிக்குப் போய் அகலைப் பார்த்தேன். எண்ணெய் வற்றி, திரி கருகி, எறும்பு ஊர்ந்தது. வேண்டுதல் பலித்திருந்தால் நம் சனங்கள் சும்மா விடமாட்டார்கள். சர்க்கரைப் பொங்கல் வைத்து, மாலை போட்டு, ஊரைக் கூட்டியிருப்பார்கள். பலிக்காவிட்டால் அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டார்கள். என் மனைவி போன பிறகு நான் எந்தக் கோயில் பக்கமாவது தலைவைத்தேனா? யாரிடமாவது கேட்கலாம் என்றால், அப்படி ஒரு பெண் வந்துபோனதே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த விளக்கை நானாவது ஏற்றி வைக்கலாம் என்று தீப்பெட்டியோடு ஒருநாள் போனேன். கை வரவில்லை. குப்பையைக் கூட்டி அள்ளிவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை அக்கரையில் பேச்சும் சிரிப்பும் சைக்கிள் மணியுமாக இருக்கும். எங்கள் பக்கத்துப் புல் மறுபடி வளர்ந்துவிட்டதால் நான் நிற்பது அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. போன ஞாயிறு தவுக்கே பார்த்துவிட்டார். சைக்கிளை நிறுத்தி ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, அண்ணே, என்னா செய்றீங்க அங்க, வாங்கலா என்று தனக்குத் தெரிந்த தமிழில் கூப்பிட்டார். வருகிறேன் என்று கையைத் தூக்கினேன். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மணி அடித்தார்கள், அவரும் போய்விட்டார். நான் போகவில்லை. லோரோங் முனையில் மோட்டார் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன்.